கின்தி: முன்னாள் படைவீரர்களிடம் கற்ற ஓராண்டுக் கணக்கு

வங்கியில் பணிபுரிவோருக்கு ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தொடங்கி மார்ச் 31 அன்று முடிகிறது. ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் ஆண்டு நவம்பரில் தொடங்குகிறது என்பதைக் கோட்துவாரில் பணியாற்றிய காலத்தில்தான் நான் அறிந்துகொண்டேன்.

பதவி உயர்வின் பேரில் தமிழகத்திலிருந்து மாற்றலாகி அங்கே சென்றிருந்தேன். உத்தராகண்ட் மாநிலம் பௌரி கட்வால் மாவட்டத்தில், இமயமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கோட்துவார். இருப்புப் பாதை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வளைந்து ஏறும் மலைச்சாலைதான். அச்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் லான்ஸ்டவுன். 1887ஆம் ஆண்டு முதல் கட்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவின் இருப்பிடம் அதுவே. முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் விருது பெற்ற தர்வான் சிங் நேகியும் கப்பர் சிங் நேகியும் அப்படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். தந்தை, மகன், பேரன் என மூன்று தலைமுறையாகச் சீருடை அணிந்த குடும்பங்களை அவ்வட்டாரத்தில் எளிதில் காணலாம். ஓய்வு பெற்றபின், பிள்ளைகளின் படிப்புக்காகவும் மருத்துவ வசதிக்காகவும் பலர் மலைக் கிராமங்களை விட்டு இறங்கிக் கோட்துவாரில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள்.

அவர்களோடு நான் கழித்த ஓராண்டு, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பயன்படக்கூடிய ஒரு பாடத்தைக் கற்பித்தது. அதையே இக்கட்டுரையில் மாத வரிசைப்படி எடுத்துரைக்க விழைகிறேன்.

ஒரு தாள், அரை நூற்றாண்டு

நம் முப்படைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் ஓய்வு பெறுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் அதிகாரி அல்லாத பிற நிலையினர். அவர்களுக்கு 15 ஆண்டுப் பணி நிறைவடைந்தால் ஓய்வூதியத் தகுதி கிடைக்கிறது. ஆகவே நாற்பது வயதை ஒட்டியே பலர் வீடு திரும்புகின்றனர்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பது வயதில் ஓய்வு பெறும் ஒருவர் எண்பது வயது வரை வாழ்ந்தால், நாற்பது ஆண்டுகள் ஓய்வூதியம் பெறுகிறார். அவருக்குப் பின் மனைவி பத்து ஆண்டுகள் வாழ்ந்தால், குடும்ப ஓய்வூதியமாக அது தொடர்கிறது. ஆக, ஐம்பது ஆண்டுக் கால வாழ்வாதாரம் ஓய்வூதிய ஆணை என்னும் ஒரே ஆவணத்தைச் சார்ந்திருக்கிறது. அந்த ஆணையில் ஓர் எழுத்து பிழையாக இருந்தால், அது வெளிப்படுவது பெரும்பாலும் அதைத் திருத்தக்கூடிய மனிதர் மறைந்த பிறகுதான்.

நவம்பர்: உயிரோடிருப்பதற்குச் சான்று

நவம்பர் பிறந்ததும் எங்கள் கிளையின் வாயிலில் காலை எட்டரை மணிக்கே வரிசை நிற்கும். வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் மாதம் அது. கம்பளித் தொப்பியும் பளபளக்கும் காலணியும் அணிந்து, முதுகு வளையாமல் நிற்கும் அம்முதியவர்களை எவரும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை. தங்களுக்குள் அவர்கள் ‘புல்லா’ என்று அழைத்துக்கொள்வார்கள். கட்வாலி மொழியில் தம்பி என்று பொருள். அப்படைப்பிரிவின் வீரர்களையே அப்பெயரால் குறிப்பதுண்டு. லான்ஸ்டவுனில் உள்ள ஏரிக்கும் புல்லா தால் என்றே பெயர்.

2014 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ திட்டத்தின் வழியே, கைரேகையைக் கொண்டோ முகத்தை அடையாளம் காணும் செயலியைக் கொண்டோ இச்சான்றை இணைய வழியில் அளிக்க இயலும். பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்களுக்கென இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணைய அமைப்பும் இயங்குகிறது. பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குகளின் முதன்மைக் கட்டுப்பாட்டாளர் (ஓய்வூதியம்) அலுவலகம் அதை நடத்துகிறது. எனினும் பலர் நேரில் வரவே விரும்பினர். காரணம் எளியது. சான்று அளிப்பதோடு, ஓராண்டாகக் காணாத தோழர்களைக் காணும் நாளும் அதுதான்.

அந்த நவம்பரின் இரண்டாம் வாரத்தில் ஒரு மூதாட்டி என் மேசைக்கு வந்தார். மலைக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு ஜீப்புகள் மாறி இறங்கி வந்திருந்தார். கணவர் முந்தைய மே மாதம் காலமாகியிருந்தார். அவரது ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. குடும்ப ஓய்வூதியம் தொடங்கவில்லை. ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயராக அவரது பிறந்த வீட்டுச் செல்லப்பெயர் மட்டும் பதிவாகியிருந்தது. ஆதார் அட்டையிலோ, திருமணத்துக்குப் பின் வைத்த வேறொரு பெயர் ‘தேவி’ என்னும் பின்னொட்டுடன் இருந்தது. பிறந்த ஆண்டும் ஒத்துப்போகவில்லை. அவர் அளித்த விண்ணப்பம் ஏற்கெனவே இருமுறை திரும்பி வந்திருந்தது. நவம்பரில் வங்கிக்குச் சென்று கைரேகை வைத்தால் பணம் வரும் என்று எவரோ கூறியதை நம்பி வந்திருந்தார்.

“அம்மா, பெயர் பொருந்தவில்லை. சரியான ஆவணத்தைக் கொண்டு வாருங்கள்” என்று விதிப்படி கூறினேன். அவர் சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சாப், நாற்பத்தாறு வருடம் நான் அவருடைய மனைவியாக இருக்கவில்லை என்றா இந்தக் காகிதம் சொல்கிறது?” என்று கேட்டார்.

என்னிடம் விடையில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. அடுத்தவரை அழைத்தேன்.

அவருக்கு எந்த ஆவணம் சரியானது, அதை எங்கே பெறலாம், யாரிடம் கேட்கலாம் என்பவற்றுள் ஒன்றைக்கூட நான் கூறவில்லை. விதியை மீறாமலேயே கடமையில் தவறலாம் என்பதற்கு அன்று நான் நடந்துகொண்டது ஓர் எடுத்துக்காட்டு.

டிசம்பர், ஜனவரி: நினைவு நாள்களும் ஒரு குறிப்பேடும்

டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்படும் இந்நாளில் திரளும் நிதி, போரில் கணவரை இழந்தோர், உடலுறுப்பு இழந்தோர், ஆதரவற்ற முன்னாள் வீரர்கள் ஆகியோரின் நலனுக்குச் செலவிடப்படுகிறது. ஓய்வூதியத் தகுதி பெறும் முன்பே பணியிலிருந்து விலகி, முதுமையில் வருவாயின்றி வாடுவோரும் உண்டு. ஹவில்தார் நிலை வரையிலான அத்தகையோர் 65 வயது கடந்தபின் உதவி கோரலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வாயிலாக விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் 16, 1971ஆம் ஆண்டுப் போரின் வெற்றி நாள். அப்போரில் பங்கேற்றவர்கள் இப்போது எழுபதைக் கடந்துவிட்டார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் போடப்படும் நாற்காலிகள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம். கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள் அது. அன்று ஊரிலுள்ள முன்னாள் வீரர்கள் தங்கள் கூட்டத்தில் வங்கிச் சேவைகள் குறித்து உரையாற்ற என்னை அழைத்திருந்தனர்.

கூட்டம் ஒரு வீட்டு முற்றத்தில் குளிர்கால வெயிலில் நடைபெற்றது. உரைக்கு முன் ஒரு சடங்கு நிகழ்ந்தது. எழுத்தர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர், நீளவாக்கில் தைத்த குறிப்பேடு ஒன்றைத் திறந்து பெயர்களை வாசித்தார். வந்திருந்தவர்கள் “ஹாஜிர்” என்று விடையிறுத்தனர். வராதவருக்காக அவரது வீட்டை அடுத்து வாழும் ஒருவர் விடை கூறினார்: “டில்லியில் மகன் வீட்டில் இருக்கிறார்”, “முழங்கால் வலி, வீட்டில்தான் இருக்கிறார்”, “மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்.”

இதற்குக் ‘கின்தி’ என்று பெயர். எண்ணிக்கை என்பது நேர்ப்பொருள். படைமுகாமில் மாலைதோறும் வீரர்களை வரிசையில் நிறுத்தி எண்ணும் வழக்கம் அது. ஒருவர் குறைந்தாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். “பணியில் இருந்தபோது தினமும் எங்களை எண்ணினார்கள். ஓய்வு பெற்ற நாளோடு எண்ணுவார் இல்லாமல் போயிற்று. ஆகவே நாங்களே எண்ணிக்கொள்கிறோம்” என்றார் சுபேதார். மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் கின்தி நடைபெறும். பத்து வீடுகளுக்கு ஒருவர் பொறுப்பு. ‘தெரியாது’ என்னும் விடை மட்டும் ஏற்கப்படாது. அப்படிக் கூறியவர் அன்று மாலைக்குள் அவ்வீட்டிற்குச் சென்று பார்த்து வர வேண்டும்.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். படை எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கிளை, மருத்துவ அட்டை எண், தொலைபேசி எண் ஆகியவை முத்து முத்தான எழுத்துகளில் இருந்தன. இடையிடையே சில பக்கங்களில் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு கிழிக்கப்பட்டிருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் அவ்வாறு இருந்தன.

“இவர்கள் மறைந்துவிட்டார்கள்” என்றார் சுபேதார்.

“இந்த வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டேன்.

முற்றத்தில் அமைதி நிலவியது. அங்கே அமர்ந்திருந்த அனைவரும் ஆண்கள். அவர்களது குறிப்பேட்டில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. வணிகவியல் படித்த எனக்கு அது உடனே புலப்பட்டது. பேரேட்டில் ஒரு பக்கம் முடிந்தால், அதன் இருப்பை அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் சென்ற பிறகே அப்பக்கத்தை மூட வேண்டும். இங்கே இருப்பை எடுத்துச் செல்லாமலேயே பக்கத்தை மூடியிருந்தார்கள். சிவப்புக் கோடு விழுந்த நாளில் கணவரோடு மனைவியும் எண்ணிக்கையிலிருந்து நீங்கிவிட்டார்.

நவம்பரில் வந்த மூதாட்டியைப் பற்றி அப்போதுதான் நான் எடுத்துரைத்தேன். அவரைத் திருப்பி அனுப்பியவன் நான்தான் என்பதையும் சேர்த்தே கூறினேன். அவர்களுள் இருவருக்கு அக்கிராமம் தெரிந்திருந்தது. மறைந்தவரை மூவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மனைவியின் நிலை மட்டும் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பிப்ரவரி, மார்ச்: திருத்தமும் எச்சரிக்கையும்

அடுத்த வாரமே சுபேதாரும் இன்னொருவரும் மலையேறிச் சென்றனர். படைவீரரின் குடும்ப விவரங்கள் அவரது படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் பராமரிக்கப்படுகின்றன. கட்வால் ரைபிள்ஸுக்கு அது லான்ஸ்டவுனிலேயே உள்ளது. இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்னும் உறுதிமொழிப் பத்திரம், ஊராட்சித் தலைவரின் சான்று, கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம் ஆகியவற்றைத் திரட்டி உரியவாறு விண்ணப்பித்தனர். கணவர் உயிரோடு இருந்திருந்தால் அவரே கையெழுத்திட்டு முடித்திருக்கக்கூடிய வேலை அது. மனைவி தனித்து நின்று செய்ய நேர்ந்ததால்தான் அத்தனை சான்றுகள் தேவைப்பட்டன.

ஏப்ரலில், கணவர் மறைந்து பதினொரு மாதங்கள் கழித்து, ஓய்வூதியம் நிலுவையோடு அவர் கணக்கில் வரவாயிற்று. பணம் எடுக்க வந்தபோது என் மேசைக்கும் வந்து கைகூப்பினார்.  கட்வால் பெண்கள் திருமணத்தின்போது பெறும் மூக்கணி நத்து.  அதைப் பேத்தியின் பள்ளிக் கட்டணத்துக்காக அவர் விற்றுவிட்டதாக உடன் வந்தவர் கூறினார். நிலுவைத் தொகை ஒரு ரூபாயும் குறையாமல் வந்தது. ஆனால் நத்து திரும்பி வரவில்லை.

இதற்கிடையே குறிப்பேடு மாறியிருந்தது. சுபேதார் புதிய ஏடு ஒன்றைத் தைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பெயர்கள். மனைவியின் பெயர் ஓய்வூதிய ஆணையில் எவ்வாறு உள்ளது, ஆதாரில் எவ்வாறு உள்ளது, வங்கிக் கணக்கில் எவ்வாறு உள்ளது என்று மூன்று கட்டங்கள். மூன்றும் ஒத்திருந்தால் பச்சை மையில் ஒரு குறி. சரிபார்த்தபோது பச்சைக் குறி பெறாத பக்கங்களே மிகுதியாக இருந்தன. கணவர்கள் உயிரோடு இருந்ததால் அவற்றைத் திருத்துவது எளிதாயிற்று. சிவப்புக் கோடு கைவிடப்பட்டது. கணவர் மறைந்தால் அவர் பெயருக்குக் கீழே கோடிட்டு, மனைவியின் பெயரைக் கின்தியில் அழைப்பது என்று முடிவாயிற்று.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புதிதாக ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களும் இருந்தனர். இவர்கள் கையில் ஒரே நேரத்தில் பெருந்தொகை சேர்கிறது. பணிக்கொடை, வைப்பு நிதி ஆகியவற்றோடு, ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறும் ‘கம்யூடேஷன்’ தொகையும் வரும். படைவீரர்கள் ஓய்வூதியத்தில் பாதி வரை இவ்வாறு பெறலாம். அதற்கு ஈடாக மாத ஓய்வூதியம் குறையும். 15 ஆண்டுகளுக்குப் பின் முழு ஓய்வூதியம் மீளும். மீளும் நாளைப் பலர் மறந்துவிடுகின்றனர். குறிப்பேட்டில் அந்நாளுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது.

புதியவர்களுக்கு மூத்தவர்கள் கூறிய அறிவுரை, “ஆறு மாதம் பணத்தைத் தொடாதே. முதலில் வீட்டு மனிதர்களை அறிந்துகொள்” என்பதே. இருபது ஆண்டுகள் எல்லையில் வாழ்ந்தவருக்கு ஊர்ச் சந்தையின் விலையும் தெரியாது, உறவினரின் கடன் தேவையும் தெரியாது. அதிக வட்டி என்று ஆசை காட்டுவோர் அந்த ஆறு மாதங்களுக்குள்தான் தேடி வருவார்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பொதுவாக 60 வயதில்தான் சேரலாம். படையிலிருந்து ஓய்வு பெற்றோர் உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு 50 வயதிலேயே சேரலாம். இத்தகைய பாதுகாப்பான வழிகளை அறியாமல் பணத்தை இழந்தவர்கள் அக்கூட்டத்திலேயே இருந்தனர். தங்கள் இழப்பை மறைக்காமல் எடுத்துக் கூறி, இளையவர்களை அவர்கள் எச்சரித்தனர்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: ஊர் கூடும் காலம்

கோடை, மலைக் கிராமங்கள் மீண்டும் நிறையும் காலம். டில்லியிலும் பிற நகரங்களிலும் வாழும் பிள்ளைகள் குலதெய்வ வழிபாட்டுக்கும் திருமணங்களுக்கும் வருவார்கள். ஏப்ரலில் டெஹ்ரி மாவட்டத்துச் சம்பாவில் கப்பர் சிங் நேகியின் நினைவாக விழா எடுப்பார்கள்.

இந்த மாதங்களில் முன்னாள் வீரர்கள் ஓர் எளிய வேலையைச் செய்தனர். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளை அழைத்து, ஆவணக் கோப்பு எங்கே உள்ளது, எதற்கு யாரிடம் செல்ல வேண்டும் என்பதைத் தாயின் முன்னிலையில் காட்டிக் கொடுத்தனர். தந்தை என்ன ஓய்வூதியம் பெறுகிறார் என்பதே பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரியாது. சில வீடுகளில் மனைவிக்கும் தெரியாது.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் மருத்துவமனையும் படைவீரர் அங்காடியும் இச்சமூகம் கூடும் மற்ற இரு இடங்கள். 2003 ஏப்ரலில் தொடங்கிய அம்மருத்துவத் திட்டத்தில் மனைவிக்கும் உரிமையுண்டு. மருந்துக்காகக் காத்திருக்கும் விசுப்பலகையில்தான் ஊர்ச் செய்திகள் பரிமாறப்படும். எவர் வீட்டில் நோய், எவர் வீட்டில் தகராறு, எவர் தனியே சமைத்து உண்கிறார் என்பவை அங்கே தெரியவரும். ஞாயிறன்று கின்தியில் சேரும்.

ஜூலை, ஆகஸ்ட்: மழையில் ஒரு மரணம்

ஜூலை நடுவில் ‘ஹரேலா’ விழா. பசுமையைப் போற்றி மரக்கன்று நடும் நாள். ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். 1999இல் அப்போரில் பங்கேற்றவர்கள் இப்போது ஐம்பதை எட்டியும் கடந்தும் இருக்கிறார்கள். கூட்டத்தின் அன்றாட வேலைகளை அவர்களே சுமக்கிறார்கள்.

ஆகஸ்டில் கடும் மழை. மண்சரிவால் மலைச்சாலை அடைபட்டிருந்த ஒரு காலையில், 84 வயது ஹவில்தார் ஒருவர் தம் கிராமத்தில் காலமானார். பகல் பதினொரு மணிக்குள் எங்கள் கிளைக்குத் தொலைபேசியில் செய்தி வந்துவிட்டது. பேசியவர் சுபேதார்.

இறுதிச் சடங்கின் செலவுக்காகத் தந்தையின் பண அட்டையைக் கொண்டு பணம் எடுக்க மகன் எண்ணியிருந்தார். இது பல குடும்பங்கள் அறியாமல் செய்யும் தவறு. மறைந்த நாள் வரையிலான ஓய்வூதியமே உரியது. அதன்பின் வரவாகும் தொகையைத் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். கணக்கில் உள்ள சேமிப்பையும் உரிய முறைப்படியே பெற வேண்டும். கின்தியின்போது ஆளுக்கு ஐம்பது ரூபாயாகச் சேர்த்து வைத்த நிதியிலிருந்து சடங்குச் செலவுக்குப் பணம் கொடுத்து, அட்டையைத் தொட வேண்டாம் என்று மகனிடம் கூறிவிட்டார் சுபேதார்.

சாலை திறந்ததும் அவர் மனைவியின் ஆவணங்கள் ஒரே கோப்பாக வந்தன. பெயர் மூன்று இடங்களிலும் ஒத்திருந்தது, பிப்ரவரியில் திருத்தப்பட்டது. கணக்கு கணவன், மனைவி இருவர் பெயரிலும் ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறையில் இருந்தது. ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் இருக்குமானால், குடும்ப ஓய்வூதியத்துக்கெனப் புதிய கணக்கு தொடங்குமாறு வங்கி வற்புறுத்தக் கூடாது. இருக்கும் கூட்டுக் கணக்கிலேயே வரவு வைக்கலாம். இரண்டாம் மாதமே குடும்ப ஓய்வூதியம் தொடங்கிவிட்டது.

அம்மூதாட்டிக்கு அப்போது வயது 78. ஓய்வூதியர்க்கும் குடும்ப ஓய்வூதியர்க்கும் 80 வயதில் 20 விழுக்காடு, 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100இல் 100 விழுக்காடு எனக் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. பிறந்த தேதி ஆவணத்தில் சரியாக இருந்தால்தான் இது உரிய காலத்தில் கிடைக்கும். அவரது எண்பதாம் பிறந்த நாளையும் சுபேதார் ஏட்டில் குறித்துக்கொண்டார்.

இரண்டு பெண்கள், ஏறத்தாழ ஒரே நிலை, ஒரே படைப்பிரிவு, பொருந்திய விதிகளும் ஒன்றே. ஒருவர் பதினொரு மாதம் காத்திருந்தார். மற்றவர் இரண்டு மாதம். இடையில் இருந்த வேறுபாடு, ஏட்டில் ஒரு பெயர் சேர்க்கப்பட்டதுதான்.

செப்டம்பர், அக்டோபர்: ஏட்டைப் புரட்டும் காலம்

மறைந்தோரை நினைவுகூரும் பித்ரு பட்சம் செப்டம்பரை ஒட்டி வருகிறது. அந்தப் பதினைந்து நாள்களில் ஏடு முழுவதையும் ஒருமுறை சரிபார்ப்பது என்று அவ்வாண்டு முடிவு செய்தனர். முகவரி மாறியவர், தொலைபேசி எண் மாறியவர், நியமனதாரரை மாற்ற வேண்டியவர் எனப் பட்டியல் தயாரானது. அடுத்த நவம்பருக்கு யாரால் நடந்து வர இயலாது என்பதும் அப்போதே தெரிந்தது. 80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் முதல் நாளிலிருந்தே வாழ்நாள் சான்று அளிக்கலாம் என்பதால், முதியவர்களின் பெயர்கள் முன்கூட்டியே எங்களிடம் தரப்பட்டன. வர இயலாதவர்களின் வீடுகளுக்கு நாங்கள் சென்றோம்.

அந்தப் பயணங்களுள் ஒன்றில் முதல் மூதாட்டியின் கிராமத்துக்கும் சென்றேன். திண்ணையில் அமர்ந்து அவரே தேநீர் கொடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போது, “இப்போது ஞாயிற்றுக்கிழமை என் பெயரையும் கூப்பிடுகிறார்களாம்” என்றார். ஓய்வூதியம் வந்ததைப் பற்றி அவர் இவ்வளவு மகிழ்ச்சியாகப் பேசி நான் கேட்டதில்லை.

நாம் செய்யத்தக்கவை

ஓய்வு பெற்ற படைவீரர்கள் வேலூர் மாவட்டத்திலும் உண்டு, பஞ்சாபிலும் உண்டு, மராட்டியத்துச் சாத்தாராவிலும் உண்டு. ஆனால் இக்கணக்கு அவர்களுக்கு மட்டுமே உரியதன்று. ஓய்வூதியமோ சேமிப்போ காப்பீடோ உள்ள எக்குடும்பத்துக்கும் இது பொருந்தும். வாசகர்கள் இம்மாதமே செய்யத்தக்க சிலவற்றைக் கீழே தருகிறேன்.

1. கணவன், மனைவி இருவரின் பெயரும் பிறந்த தேதியும் ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் ஒரே வகையில் உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், திருத்தக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.

2. ஓய்வூதியக் கணக்கை, இயன்றவரை வாழ்க்கைத் துணையோடு கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

3. நியமனதாரரைப் பதிவு செய்யுங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். முன்பே பதிவு செய்தவர்கள், அந்நபர் இன்றும் பொருத்தமானவர்தானா என்று பாருங்கள்.

4. ஆவணங்களின் படிகளை ஒரே கோப்பில் வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் குறைந்தது இருவருக்குக் காட்டுங்கள்.

5. வாழ்நாள் சான்றுக்கு நேரில் வர இயலாதவர்கள் இணைய வழியைப் பயன்படுத்தலாம். அல்லது வீட்டிற்கே வரும் சேவையைக் கிளையில் கேட்கலாம். சான்றைப் புதுப்பிக்கவில்லை என்று அச்சுறுத்தித் தொலைபேசியில் கடவு எண் கேட்பவர் எவராயினும் மோசடிக்காரரே.

6. குடும்பத்தில் ஒருவர் மறைந்தால் வங்கிக்கு உடனே தெரிவியுங்கள். அவருடைய பண அட்டையைப் பயன்படுத்தாதீர்கள்.

ஏழாவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அது எந்தப் படிவத்திலும் இல்லை. உங்கள் தெருவிலோ குடியிருப்பிலோ, கணவரையோ மனைவியையோ இழந்து தனித்து வாழ்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய ஓய்வூதியம் வருகிறதா என்று ஒருமுறை கேளுங்கள். வரவில்லையென்றால் அவரோடு எங்கள் கிளைக்கு வாருங்கள். ‘சரியான ஆவணத்தைக் கொண்டு வாருங்கள்’ என்று மட்டும் கூறி நான் எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. எந்த ஆவணம், எங்கே கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகே அடுத்தவரை அழைக்கிறேன்.